முள் தாவிய இடம்

நவம்பர் 4, செவ்வாய்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டு விமலா டீச்சர் எழுதுகிறார். "நீங்க பேசுற மாதிரியே எழுத எனக்குக் கை வராது. என் தமிழ்லதான் வரும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வரட்டும். பதிலுக்கு அவருடைய ரேஷன் வரிசையில் நான் நிற்கிறேன்.

டைரி நந்தகோபால் கொடுத்தது. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மண்டை முன்பக்கம் வழுக்கை, பின்பக்கம் சின்னக் குடுமி. ராக் பாட்டு ரெக்கார்டு சேர்க்கிற கூட்டத்துக்குத் தலைவர். இவர்கள் ஒரே ரெக்கார்டைத் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். இருபத்தைந்தாம் வருடத்துக்கு ஒன்று, நாற்பதாம் வருடத்துக்கு ஒன்று, ஐம்பதுக்குப் பெட்டியோடு ஒன்று. அதிலும் கேட்பதற்கு ஒன்று, பிரிக்காமல் வைத்துக்கொள்ள ஒன்று.

"பிரிக்காம வச்சிக்கினு இன்னா சார் பண்ணுவீங்க?" என்றேன்.

"பிரிச்சா போச்சே ஐயா" என்றார்.

இப்போது 'லாஸ்ட் டிராம்' ரெக்கார்டுக்கு ஐம்பது வருடம். டின் லான்டர்ன்ஸ் என்று வேப்பேரி, பெரம்பூர்ச் சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியப் பையன்கள் ஐந்து பேர் வைத்திருந்த பாட்டுக் கோஷ்டி. அவர்கள் போட்ட ஒரே ரெக்கார்டு அது. நான் அவர்களுக்கு ஸ்பீக்கர் தூக்கினவன். ஐந்தில் மூன்று பேர் செத்துப்போனார்கள். ஒருவர் ஆஸ்திரேலியாவில், பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்டுக்கொண்டு இருக்கிறாராம். மிச்சம், கிடார் வாசித்த நெவில். அப்புறம் நான்.

"ஞாபகம் வர்றதை எல்லாம் யாரையாவது எழுதச் சொல்லுங்க ஐயா. பெட்டிக்குள்ள வைக்கிற புத்தகத்துல போடறோம். உங்க பேரோட" என்றார் நந்தகோபால்.

கடைசியில் சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

நவம்பர் 5, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்த ஆள் மாடி ஏற மாட்டேன் என்றான். நானே தோளில் போட்டு ஏற்றினேன். எழுபத்தேழு வயது. அவன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

நவம்பர் 7, வெள்ளி

பேர் விஷயம். டீச்சர் கேட்டதால் சொல்கிறேன்.

அந்த ரெக்கார்டு அட்டையின் பின்பக்கம் கீழே நன்றி என்று போட்டு ஒரு பத்தி இருக்கிறது. அச்சான வாரம் எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், தட்டு இல்லாமல், வெறும் அட்டை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ரிகர்சலுக்கு வீடு கொடுத்த கிழவிக்கு நன்றி. ஹோட்டல் சமையல்காரர் அப்துல் பாய்க்கு நன்றி. நெவிலின் நாய் பிஸ்கட்டுக்கு நன்றி. அவ்வளவுதான்.

அந்த ஆள் சரியாகப் படிக்கவில்லை என்று நினைத்தேன். அடுத்து ஒரு கண்டக்டர். அப்புறம் என் கல்யாணத்துக்கு வந்த பாதிரியார். அப்புறம் என் மகள் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டபோது அவள். எல்லாரும் நாய் வரைக்கும் வந்து நிறுத்தினார்கள். போன வாரம் டீச்சரிடம் கொடுத்தேன். அவரும் நாயில்தான் நிறுத்தினார்.

பிஸ்கட் என்னை இரண்டு தடவை கடித்திருக்கிறது. இடது கெண்டைக்காலில் ஒன்று, புறங்கையில் ஒன்று.

என் பேர் எத்திராஜ் என்று அந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியாது. லிஃப்ட் என்று கூப்பிடுவார்கள். பேர் வைத்தது நெவில். "லிஃப்டு! அந்த பாக்ஸை எடு மேன்." ஊட்டியில் கச்சேரி முடிந்து இறங்கும்போது மழை. வேன் மேலே தார்ப்பாய் பறக்கிறது என்று என்னை ஏற்றி அதைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். மேட்டுப்பாளையம் வரை உட்கார்ந்து வந்தேன். இறங்கியதும் நெவில் ஓடி வந்து கேட்டார்: "ஸ்பீக்கர் நனஞ்சுதா?"

நவம்பர் 9, ஞாயிறு

அண்ணா நகரில் நந்தகோபால் வீட்டில் கூட்டம். இருபது பேர் இருப்பார்கள். எல்லாரும் கறுப்பு பனியன், எல்லாருக்கும் தொப்பை. ஒருவரை ஒருவர் பார்த்தால் வணக்கம் கிடையாது, மூன்று தடவை கை தட்டுகிறார்கள். சங்கத்துக்குப் பேரே 'மூணு தடவை'. ஒருவர் பனியனைத் தூக்கி முதுகைக் காட்டினார். ஒரே சுருள் கோடு மூன்று தடவை பச்சை குத்தியிருக்கிறது.

காரணம் இதுதான். ரெக்கார்டின் இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டில் நெவிலின் கிடார் மேலே மேலே ஏறிப்போகும். உச்சிக்குப் போனதும் ஒரே துண்டை மூன்று தடவை திருப்பி வாசிக்கும். பிறகு சட்டென்று பாட்டு வேறு எங்கோ போய்விடும். இதைக் கேட்டுத்தான் ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் பைத்தியம் பிடித்து அலைந்தார்களாம். நந்தகோபால் கண்ணை மூடிக்கொண்டு, "எந்த நாட்டுக்காரனும் யோசிக்காததைப் பெரம்பூர்க்காரன் யோசிச்சான் ஐயா" என்றார்.

ஒலியைச் சுத்தம் செய்கிற வேலைக்கு வைதேகி என்று ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். அது சுவரில் சாய்ந்து நின்றபடி, "சார், கம்ப்யூட்டர்ல பார்த்தா மூணும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு. மனுஷன் கை அப்படி வாசிக்காது. அது தட்டுல கீறல். முள் தாவுது" என்றது.

முதுகைக் காட்டியவர் பனியனைச் சட்டென்று இறக்கிவிட்டார்.

"கீறலாமா?" என்றார் பச்சை குத்தியவர்.

"வேற காப்பி இருந்தா வச்சுப் பார்த்துடலாம்."

வேறு காப்பி இல்லை. அந்த வருட மழையில், கடைகளுக்குப் போகும் முன்பே குடோனில் இருந்த அத்தனை தட்டும் வெள்ளத்தோடு போயிற்று. பாட்டைப் பதிவு செய்த டேப்பும் போயிற்று. உலகத்தில் எல்லாரும் கேட்டது ஒரே தட்டிலிருந்து எடுத்த கேசட்டுகளைத்தான். அந்தத் தட்டு இப்போது நந்தகோபாலிடம், வெல்வெட் துணிக்குள் இருக்கிறது.

"அன்னிக்கு அங்க இருந்தவர் இதோ இருக்காரே" என்றார் நந்தகோபால். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. போண்டா வாயில் இருந்தது. மெதுவாகவே மென்றேன்.

நவம்பர் 12, புதன்

டீச்சர் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "கீறலா, வாசிச்சதா?" என்கிறார்.

கீறல்தான்.

புதுப்பேட்டையில் கேசட் பதிவு செய்கிற சேட்டு ஒருவர் கடை. அந்தத் தட்டு அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. தட்டு சுற்றும்போது முள் துள்ளாமல் இருக்க அதன் கை மேல் நாலணாக் காசு வைப்பார்கள், அப்போது எல்லாக் கடையிலும் அப்படித்தான். நான் டீ குடிக்க அங்கே ஒதுங்கியிருந்தேன். வெளியில் லாரி ஒன்று பின்பக்கம் வந்து சுவரில் மோதியது. காசு சறுக்கியது. முள் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தது. சேட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், அதையே கேசட்டில் ஏற்றினார். அந்த லாரி ஆரஞ்சுப் பழ லாரி. பின்கதவில் ஒரு மயில் படம், மயிலுக்கு ஒரு கண்தான் போட்டிருந்தார்கள்.

எனக்கு எழுத்து இல்லை. அதனால் எதையும் எங்கேயும் எழுதி வைத்துவிட்டு மறக்கிற வசதியும் இல்லை.

"அப்ப அந்தப் பொண்ணு சொன்னது சரி. போய்ச் சொல்லிடுங்க" என்றார் டீச்சர். பார்க்கலாம் என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பரங்கிமலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லம். நந்தகோபால் காரில் கூட்டிப் போனார். பின்சீட்டில் பச்சை குத்தியவரும் இன்னொருவரும்.

நெவில் மாடி வராந்தாவில் இருந்தார். பக்கவாதம் வந்து பேச்சு கொஞ்சம் குழறல். வலது கை நடுங்குகிறது. ஒரு காலத்தில் மவுண்ட் ரோட்டில் பெண்கள் திரும்பிப் பார்த்த தலை. இப்போது கன்னியாஸ்திரீகள் மொட்டையாகக் கத்தரித்து விட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"லிஃப்டு! நீ இன்னும் சாவலியா மேன்?"

"நீங்க மொதல்ல போங்க சார்" என்றேன். சிரித்தார். எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

வந்தவர்கள் பையிலிருந்து பழைய கேசட் அட்டைகளை எடுத்துக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். கை நடுங்கிக் கோடு எங்கெங்கோ போயிற்று. பச்சை குத்தியவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு நண்பரிடம், "இது கையெழுத்துன்னு யார் நம்புவா? செத்துப் போனவங்களோடதுதான் தெளிவா இருக்கு, மதிப்பும் அதுக்குத்தான்" என்றார். மெல்லச் சொல்வதாக நினைப்பு. நெவிலுக்குக் காது மட்டும் நன்றாக இருக்கிறது.

மூணு தடவையா, கீறலா என்று நந்தகோபால் கேட்டார். நெவில் ஒரே வார்த்தையில், "ஸ்க்ராட்ச்" என்றார்.

"சார், நல்லா யோசிச்சு..."

"என் பாட்டு மேன் அது. மூணு தரம் இல்ல. ஒரு தரம் ஏறி, நின்னு, அப்புறம் எறங்கும். எறங்குறதை முள்ளு முழுங்கிடுச்சு. ஒரு கிடார் குடு, வாசிச்சுத் தரேன். அதை வச்சு ஒட்டிடு. அந்த எடத்தை மட்டும் ஒட்டிடு, வேற ஒண்ணும் வேணாம்."

காரில் திரும்பினோம். கத்திப்பாரா தாண்டியதும் பச்சை குத்தியவர், "ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு ஞாபகம் கலங்கிடும்" என்றார். எல்லாருக்கும் மூச்சு வந்தது.

நவம்பர் 19, புதன்

ரேஷனில் பருப்பு இல்லை. பாமாயில் மட்டும். டீச்சருக்கு முட்டிவலித் தைலம் வாங்கினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

நெவில் இல்லத்துச் சிஸ்டரை விட்டு போன் செய்யச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் போனேன். இரண்டு வாழைப்பழம் கொண்டு போனேன்.

கையைப் பிடித்துக்கொண்டார். "அவங்களுக்கு நான் சொன்னா நம்பிக்கை இல்ல. நீ சொல்லு மேன். நீ பக்கத்துலயே நின்னியே. நீ எதையும் மறக்க மாட்டியே. செட்டு லிஸ்ட்டே உன்னைத்தான் கேப்போம்."

வாஸ்தவம். அடுத்து எந்தப் பாட்டு என்று மேடையிலிருந்து குனிந்து என்னைத்தான் கேட்பார்கள்.

"அந்த எறக்கம் என்னா தெரியுமா? எங்க மம்மி. வேப்பேரி வீட்டுல மரப்படி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போன அன்னிக்கு மம்மி தானே எறங்குறேன்னு எறங்கினாங்க. ஒரு படி. நிப்பாங்க. ஒரு படி. கடைசி ரெண்டு படி மட்டும் வேகமா, எங்களைச் சிரிக்க வைக்கிறதுக்கு. திரும்பி வரல. அந்தச் சத்தத்தைத்தான் வாசிச்சேன். மேல ஏறுறது எவன் வேணா ஏறுவான் மேன். அந்த எறக்கம்தான் பாட்டு."

எனக்குத் தெரியும். பதிவு செய்த அன்று அதை வாசித்து முடித்ததும் அவர் எழுந்து வெளியே போனார். நான் ஒயரைச் சுற்றிக்கொண்டு இருந்தேன். டம்ளரில் தண்ணீர் கொண்டு போனேன். வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரை என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார்.

"சொல்லுவியா லிஃப்டு?"

வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

மழை. கூரை மூலையில் ஒழுகுகிறது, பக்கெட் வைத்திருக்கிறேன். டீச்சர் மாடிக்கே வந்து எழுதுகிறார். பெற்ற தாயின் கால் சத்தம் ஐயா, என்கிறார். எனக்கும் தாய் இருந்தாள். அவளைப் பற்றி யாரும் ரெக்கார்டு போடவில்லை.

டிசம்பர் 6, சனி

நந்தகோபால் வந்தார். ஆப்பிள் கொண்டு வந்தார். புத்தகத்தில் என்னைப் பற்றிய பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டினார். ஒரு பக்கம் முழுக்க என் படம். மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி.

"இதுதான் உங்க பேர் ஐயா. தமிழ்லயும் இருக்கு, இங்கிலீஷ்லயும் இருக்கு."

விரலால் தடவிப் பார்த்தேன். காகிதம் வழவழப்பாக இருந்தது.

"கீழ காலியா இருக்கே?"

"அங்க நீங்க சொல்றது வரும். மூணு தடவைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும். பதினாலாம் தேதி விழா வச்சிருக்கோம். நெவில் சாரையும் கூட்டிட்டு வர்றோம். மேடையில கேப்பேன்."

"வேற மாதிரி சொன்னா?"

ஆப்பிள் பையின் முடிச்சைச் சரிசெய்தார். "பக்கம் குறையும் ஐயா. அவ்வளவுதான்."

இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை. டீச்சர் இந்த வரிக்குக் கீழே கோடு போடுகிறார். எதற்கு என்று தெரியவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

எழும்பூரில் ஒரு ஹால். நிறைந்துவிட்டது. வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு போனேன். டீச்சரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்.

நெவிலைச் சக்கர நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். தூக்கிய பையன்களுக்குத் தூக்கத் தெரியவில்லை. ஒரு பக்கம் சாய்த்துவிட்டார்கள். யாரோ அவருக்குச் சட்டையின் மேல் ஒரு கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். கோட்டில் இன்னும் கடைச் சீட்டு தொங்கியது. மடியில் கிடார் வைத்தார்கள். ஹாலில் எல்லாரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

வாசித்தார். கை நடுங்கியது, நடுங்கிக்கொண்டே ஏறியது. உச்சிக்குப் போய் நின்றார். ஒரு சுரம் இறங்கினார். நின்றார். இன்னொன்று. அப்புறம் கடைசி இரண்டும் குதித்து இறங்கின. அப்படியே இருந்தது. ஐம்பது வருடத்துக்கு முன்பு ஒயரைச் சுற்றிக்கொண்டு கேட்டது அப்படியே இருந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை.

பின்னால் ஒருவன் "டொய்ங், டொய்ங், டொய்ங்" என்றான். சிரிப்பு கிளம்பியது. இன்னொருவன் மூன்று தடவை தட்டினான். ஹால் முழுக்க மூன்று மூன்றாகத் தட்ட ஆரம்பித்தார்கள், அவருக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரி. வைதேகி எழுந்து வெளியே போனது. நந்தகோபால் மைக்கில், "சார், பரவாயில்ல, இன்னொரு தரம் முயற்சி பண்ணுங்க. மூணு தடவை வருமே, ஞாபகம் இருக்கா?" என்றார், குழந்தையிடம் கேட்பதுபோல.

"ஸ்க்ராட்ச் மேன்! கீறல் அது! நான்தானே வாசிச்சேன்!" நெவிலின் வாய் கோணியது. கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்து மைக்கிலேயே கத்தினார்: "அதோ இருக்கான்! லிஃப்டு! ஏய் லிஃப்டு! வந்து சொல்லு மேன்!"

"லிஃப்டா?" என்று ஒருவன் கேட்டான். ஹாலே சிரித்தது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் "லிஃப்ட், லிஃப்ட்" என்று சொல்லிப் பார்த்தது.

மேடை ஏறினேன். மைக்கை வாங்கினேன்.

"மூணு தடவைதான் வாசிச்சாரு. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. அது அடங்கியதும், கேட்காமலே இன்னொன்றும் சொன்னேன்: "அப்ப கை நல்லா இருந்திச்சு அவருக்கு."

நெவில் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. ஏதோ தெருப் பேரை மறந்துவிட்ட ஆள் மாதிரிப் பார்த்தார்.

லிஃப்ட் என்று கூப்பிட்டதற்காகச் சொன்னேன் என்று டீச்சர் நினைக்கிறார். அதற்காக இல்லை.

டிசம்பர் 15, திங்கள்

டீச்சருக்குத் தலைவலி. எழுத வரவில்லை. இதை மறுநாள் சொல்லி எழுதினது.

டிசம்பர் 24, புதன்

பெட்டி வந்தது. தடித்த அட்டை, உள்ளே தட்டு, ஒரு பனியன், டிராம் டிக்கெட் மாதிரி ஒன்று, புத்தகம். பழைய அட்டையை அப்படியே மறுபடி அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பிஸ்கட்டுக்கு நன்றி அப்படியே இருக்கிறதாம்.

என் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். டீச்சர் கண்ணாடி போட்டுப் படித்தார்: "எத்திராஜ். அந்த மூன்று தடவைகளுக்கு உயிரோடு இருக்கும் ஒரே சாட்சி."

"இன்னொரு தரம் படிங்க டீச்சரம்மா."

அடுப்பில் குக்கர் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். விசில் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

இல்லத்துக்குப் போனேன். பெட்டி ஒன்று நெவிலுக்குக் கொடுத்துவிடச் சொல்லி நந்தகோபால் என்னிடம் தந்திருந்தார். அவர் நேரில் வரவில்லை. நன்கொடைக் கிடார் ஒன்றையும் அந்தப் புத்தகத்தையும் மட்டும் போன வாரமே அனுப்பிவிட்டாராம்.

மாடி ஏறும்போதே சத்தம் கேட்டது. படியில் நின்றேன். ஏறிப்போகிறது. உச்சியில் அந்தத் துண்டு. மறுபடி அதே துண்டு. மறுபடி. சட்டென்று வெட்டி வேறு இடத்துக்குத் தாவல். தப்பு வருகிறது, முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். முள் தாவுகிற மாதிரியே தாவப் பழகுகிறார்.

"ஒரு வாரமா இதேதான். சாப்பிடக்கூட வர்றதில்ல" என்றார் சிஸ்டர்.

என்னைப் பார்த்ததும் கிடாரைக் கீழே வைத்தார். பெட்டியைத் திறக்கவில்லை. அதன் மேல் கை வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"எறக்கம் ஒண்ணு இருந்துச்சுன்னே நெனச்சுகினு இருந்தேன். மம்மி படி எறங்குற மாதிரி. இத்தனை வருஷம். மூளை என்னென்னமோ பண்ணுது பார். ஹால்ல என் மேல எனக்கே கோவம். ஆனா நீ மறக்க மாட்டே. நீ இல்லேன்னு சொன்னா, இல்ல." நடுங்கும் கையை என் தோளில் வைத்தார். "மம்மி எறங்கவே இல்லபோல. தூக்கினுதான் போயிருப்போம். உன் பேரு புத்தகத்துல இருக்காம், சிஸ்டர் படிச்சாங்க. எத்திராஜ். நல்ல பேரு மேன். தேங்க்ஸ், எத்திராஜ்."

வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன். சாப்பிட்டார். கிளம்பும்போது மறுபடி கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். படி முழுக்க இறங்கி கேட்டுக்கு வந்த பிறகும் கேட்டது, ஒரே துண்டு, மூன்று மூன்று தடவை.

இதுவரை எழுதிவிட்டு டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல், "அந்த எறக்கத்தை ஒரு தடவை வாயால பாடிக் காட்டுங்க. நானாவது கேட்டு வச்சுக்கறேன்" என்றார்.

மறந்துவிட்டது என்றேன்.

பேனாவை எடுத்து அதையும் எழுதுகிறார்.